பறக்காத வானூர்திக்கு ஒரு பணி வரலாறு



இலக்கணத்துக்கும் கட்டுரைப் பயிற்சிக்கும் இவ்வாரம் சிறிது ஓய்வு கொடுத்துவிட்டு, ஒரு வானூர்தியின் வரலாற்றை எழுத விழைகிறேன். அதன் பெயர் டிஆர்-3பி. முக்கோண வடிவம், கறுப்பு நிறம். மூன்று முனைகளிலும் வெண்ணிற விளக்குகள், நடுவில் ஒரு செந்நிற விளக்கு. ஓசையின்றி வானில் அப்படியே நிற்குமாம். கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுமாம். புவியீர்ப்பை வென்ற அமெரிக்க இராணுவச் சுற்றுக்காவல் வானூர்தி என்று இதனைச் சொல்கிறார்கள். காணொளிகளிலும் புலனக் குழுக்களிலும் இதன் பணி வரலாறு ஆண்டுவாரியாக உலவுகிறது. எந்த ஆண்டில் எந்த நாட்டின் மேல் பறந்தது, எப்பொருளால் இயங்குகிறது, எடையில் எத்தனை விழுக்காடு குறைகிறது என எல்லாவற்றுக்கும் எண்கள் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: வானூர்தி.

ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் ‘என்னைக் கவர்ந்த கண்டுபிடிப்பு’ என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரையே எனக்குத் தூண்டுதல். பிழையற்ற தமிழ், பத்தி அமைப்பும் நன்று. டிஆர்-3பி பறந்த இடங்களை வரிசையாக எழுதியிருந்தார். புலனத்தில் வந்த செய்தியைத் தந்தையார் காட்டி உதவினார் என்று மகிழ்ச்சியோடு சொன்னார். மொழிக்கு மதிப்பெண் இடுவதில் எனக்குத் தயக்கமில்லை. கருத்துக்கு என்ன இடுவது? ‘இது பொய்’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டால் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் அடுத்த மாதம் வேறொரு பொய்யை அவர் இதே முறையில் நம்புவார். ஆகவே அந்தப் பணி வரலாற்றை வரி வரியாகச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

முதலில் பெயர். ‘டிஆர்’ என்னும் எழுத்துகள் கற்பனையல்ல. அமெரிக்க வான்படையின் புகழ்பெற்ற உளவு வானூர்தியான யு-2இன் ஒரு வகைக்கு 1980களில் டிஆர்-1 என்று பெயரிட்டிருந்தார்கள். போர்க்கள உளவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 1981இல் அது முதன்முதலாகப் பறந்தது; 1990களின் தொடக்கத்தில் மீண்டும் யு-2 என்னும் பழைய பெயருக்கே திரும்பியது. ஏறக்குறைய அதே காலத்தில் டிஆர்-3ஏ என்ற இரகசிய வானூர்தி ஒன்று இருக்கிறது என்று வானூர்தி இதழ்களில் ஊகச் செய்திகள் வந்தன. அப்படி ஒன்றை எவரும் இன்றுவரை காட்டியதில்லை. டிஆர்-1 உண்மை, டிஆர்-3ஏ வதந்தி, டிஆர்-3பி கற்பனை. ஒன்றன் மேல் ஒன்றாக மாடி கட்டியிருக்கிறார்கள். கீழ்த்தளம் உண்மையாக இருப்பதால் மேல்தளமும் உறுதியாக நிற்பதுபோல் தோன்றுகிறது.

டிஆர்-3பியை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் எட்கர் ஃபூஷே என்பவர். தாம் அமெரிக்க வான்படையில் பணியாற்றியதாகச் சொன்ன அவர், 1998இல் பறக்கும் தட்டு ஆர்வலர்களின் மாநாட்டில் இதனை விவரித்தார். அதே ஆண்டில் அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய நூல் ஒன்றும் வெளிவந்தது. அது ஆய்வு நூலன்று, புதினம். இச்செய்தியைப் புலனக் குழுக்களில் எவரும் அனுப்புவதில்லை!

அவர் தந்த இயந்திர விளக்கத்தைப் பாருங்கள். வானூர்தியின் நடுவே ஒரு வளையம். அதற்குள் பாதரசப் பிளாஸ்மா. 250,000 வளிமண்டல அழுத்தம். 150 கெல்வின் வெப்பநிலை. நிமிடத்திற்கு 50,000 சுழற்சி. இதனால் ஈர்ப்பின் விளைவு 89 விழுக்காடு குறைகிறதாம். எண்களைக் கண்டவுடன் நாம் மயங்கிவிடுகிறோம். 90 விழுக்காடு என்று சொன்னால் ஐயம் எழலாம். 89 என்றால் யாரோ அளந்து பார்த்தது போலிருக்கிறது.

இங்கே அறிவியல் பாடநூலே போதும். 150 கெல்வின் என்பது ஏறக்குறைய -123 பாகை செல்சியஸ். பாதரசம் -39 பாகையிலேயே உறைந்து கட்டியாகிவிடும். பிளாஸ்மா என்பதோ அணுக்களிலிருந்து மின்னணுக்கள் பிரிந்து நிற்கும் நிலை. உறைந்து இறுகிய உலோகத்தை அந்த அழுத்தத்தில் வைத்துவிட்டு அதனைப் பிளாஸ்மா என்று அழைப்பது, பனிக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆவி பறக்கிறது பார் என்பதைப் போன்றது.

ஈர்ப்பை மறைக்கவோ திருப்பவோ இயலுமா என்பதை அறிஞர்கள் சோதிக்காமல் விட்டதில்லை. எதிர்ப்பொருள் என்பது மேல்நோக்கி விழக்கூடுமோ என்ற கேள்விகூட நெடுநாள் இருந்தது. சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் எதிர் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப் பொறிக்குள் பிடித்து வைத்து, பிறகு விடுவித்துப் பார்த்தார்கள். அவையும் கீழ்நோக்கியே விழுந்தன. இம்முடிவு 2023 செப்டம்பரில் வெளியானது. புவியின் பிடியிலிருந்து தப்பித்த பொருள் எதுவும் இதுவரை கிட்டவில்லை.

இந்த ஆசை மட்டும் மிகப் பழையது. அதனை நான் குறைசொல்ல மாட்டேன். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் எழுதிய கலிவரின் பயணங்களில் லபூட்டா என்னும் மிதக்கும் தீவு வருகிறது. அதன் நடுவே பெரிய காந்தக்கல் ஒன்று உண்டு. அக்கல்லைச் சாய்ப்பதன் வழி தீவு ஏறும், இறங்கும், நகரும். மன்னர் அதில் அமர்ந்து தம் நாட்டைச் சுற்றி வருவார். கலகம் செய்யும் ஊரின் மேல் தீவை நிறுத்தி வெயிலையும் மழையையும் மறைப்பார், கல் எறிவார், மிஞ்சினால் தீவையே ஊரின் மேல் இறக்கி நசுக்கிவிடுவதாக அச்சுறுத்துவார். இலக்கிய உலகில் புவியீர்ப்பை எதிர்த்த முதல் இராணுவச் சுற்றுக்காவல் ஊர்தி இதுதான் என்பேன். ஆனால் ஸ்விஃப்ட் அதற்குக் குறைகளையும் வைத்தார். தீவு நான்கு மைல் உயரத்திற்கு மேல் ஏறாது. மன்னரின் ஆட்சி எல்லையைத் தாண்டிச் செல்லாது. ஊரின் மேல் வேகமாக இறக்கினால் அடித்தளம் விரிசல் விட்டுவிடுமோ என்று மன்னருக்கே அச்சம். ஒரு நகரம் அந்த அச்சத்தைப் பயன்படுத்தி மன்னரை வென்ற கதையும் எழுதப்பட்டது. அயர்லாந்தின் அரசியலை அது சுட்டியதால் 1899வரை அப்பகுதி அச்சில் வரவேயில்லை. கற்பனை என்று தெரிந்தே எழுதிய ஆசிரியர் தம் ஊர்திக்குக் குறை வைத்தார். உண்மை என்று சொல்லிக்கொண்டு எழுதியவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

நம் சீவக சிந்தாமணியிலும் மயிற்பொறி உண்டல்லவா? அரசி விசயையை ஏற்றிச் சென்ற அப்பொறி, அரண்மனையிலோ சோலையிலோ இறங்கவில்லை, சுடுகாட்டில் இறங்கியது. காப்பியப் புலவருக்கும் பொறியின் எல்லை தெரிந்திருக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் ஆசை வேறு உருவம் எடுத்தது. எச்.ஜி. வெல்ஸ் 1901இல் ஈர்ப்பை மறைக்கும் கற்பனைப் பொருளொன்றைக் கொண்டு தம் மாந்தர்களை நிலவுக்கு அனுப்பினார். ரோஜர் பாப்சன் என்னும் அமெரிக்க வணிகர், சிறுவயதில் தம் அக்காள் ஆற்றில் மூழ்கி இறந்ததற்குப் புவியீர்ப்பே காரணம் என்று கருதினார். அவரே 1940களின் இறுதியில் ஈர்ப்பு ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கியவர். உடன்பிறந்தவளைப் பறிகொடுத்த துயரம் ஒருவரை எங்கெல்லாம் கொண்டு செல்கிறது! ஈர்ப்பைத் தடுக்கும் வழி அங்கே கிடைக்கவில்லை. ஆனால் அது நடத்திய கட்டுரைப் போட்டி காலப்போக்கில் உயர்ந்த மதிப்பைப் பெற்றது. 1971இல் முதற்பரிசு பெற்றவர் ஸ்டீபன் ஹாக்கிங். 1955இல் நியூயார்க் நாளிதழ் ஒன்று, பெரிய வானூர்தி நிறுவனங்கள் ஈர்ப்பை வெல்லும் ஆய்வில் இறங்கிவிட்டன என்று தொடர் எழுதியது. அவ்வாய்வுகளிலிருந்து வானூர்தி எதுவும் பிறக்கவில்லை. வதந்திகள் மட்டும் பிறந்தன.

இனி டிஆர்-3பியின் ‘பணி’களுக்கு வருவோம். பட்டியலில் முதலிடம் பெல்ஜியத்துக்கு. 1989 நவம்பர் 29ஆம் நாள் மாலை, ஜெர்மானிய எல்லைக்கு அருகிலுள்ள ஆய்ப்பன் என்னும் ஊர்ப்பக்கம், விளக்குகளோடு கூடிய பெரிய உருவத்தைக் கண்டதாகக் காவலர்கள் அறிவித்தார்கள். அடுத்த மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் முக்கோணத்தைக் கண்டதாகச் சொன்னார்கள். 1990 மார்ச் 30ஆம் நாள் இரவு பெல்ஜிய வான்படை இரண்டு எஃப்-16 போர் வானூர்திகளை அனுப்பியது. இதுவரை எல்லாம் நடந்தவையே. ராடார் திரையில் ஏதோ தென்பட்டதும் உண்மை. ஆனால் விமானிகள் தம் கண்ணால் எதையும் காணவில்லை. பிற்பாடு பதிவுகளை ஆராய்ந்தபோது, சில நேரங்களில் ஒரு எஃப்-16இன் ராடார் மற்ற எஃப்-16ஐயே பிடித்திருந்தது தெரிந்தது. ஏனைய பலவற்றுக்கு வளிமண்டலக் குழப்பமே காரணம் எனப்பட்டது.

அந்த அலையின் மிகப் புகழ்பெற்ற சான்று ஒரு நிழற்படம். பெட்டி ரெஷேன் என்னும் ஊரில் 1990இல் எடுத்ததாகச் சொல்லப்பட்ட அப்படத்தில் கரிய முக்கோணமும் நான்கு விளக்குகளும் தெளிவாக இருந்தன. நூல்களின் அட்டையில் அது வந்தது. ஆய்வாளர்கள் சிலர் போலியல்ல என்றார்கள். 2011இல் படத்தை உருவாக்கியவரே தொலைக்காட்சியில் தோன்றி, பொதி கட்டப் பயன்படும் வெண்ணிற நுரைப்பலகையை வெட்டி, வண்ணம் பூசி, விளக்குகளைப் பொருத்தித் தொங்கவிட்டுப் படம் பிடித்ததாகச் சொன்னார். இளம்பருவத்து விளையாட்டு அது. இருபது ஆண்டுகள் அதனை உலகம் நம்பியது. புலனத்தில் இன்னமும் அப்படம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒப்புதல் வாக்குமூலத்துக்குக் கால்கள் இல்லை போலும்!

1997 மார்ச் 13 அன்று அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தெரிந்த விளக்குகளும் டிஆர்-3பியின் கணக்கில் எழுதப்பட்டுள்ளன. அன்றிரவு பத்து மணியளவில் வரிசையாகத் தொங்கியவை, பயிற்சியின்போது போர் வானூர்திகள் போட்ட வான்குடை வெளிச்சக் குண்டுகள். அதற்கு முன்னர் நகர்ந்து சென்ற விளக்கு வரிசையைத் தொலைநோக்கியால் பார்த்த இளைஞர் ஒருவர், அவை தனித்தனி விமானங்கள் என்று கண்டார்.

இன்னொன்று சற்றே புதியது. 2019இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து இரவில் எடுத்த பச்சை நிறக் காணொளி 2021இல் கசிந்தது. மின்னி மின்னிச் செல்லும் முக்கோணங்கள் அதில் தெரிந்தன. 2022 மே 17ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் கடற்படை உளவுத்துறை அதிகாரி விளக்கம் அளித்தார்: அவை ஆளில்லாச் சிறு வானூர்திகளாகலாம், முக்கோண வடிவமோ, இரவுநோக்கிக் கருவி வழியாகப் புகைப்படக் கருவிக்குள் ஒளி நுழைந்ததால் ஏற்பட்டது. இதனை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். கறுப்பு அட்டையில் சிறு முக்கோணத் துளை வெட்டி, புகைப்படக் கருவியின் வில்லைக்கு முன் பிடியுங்கள். தொலைவிலுள்ள விளக்கைக் குவியம் தவறுமாறு படம் பிடியுங்கள். விளக்கு வட்டமாகத் தெரியாது, முக்கோணமாகத் தெரியும். என் மாணவர்கள் இதனைக் கண்டு கைதட்டினார்கள். வதந்தியைவிட உண்மை வியப்பானது என்பதற்கு இதைவிட வேறு காட்டு எனக்குக் கிட்டியதில்லை.

“ஐயா, அது இரகசிய வானூர்தி. சான்று இல்லாமல் இருப்பதே இயல்பு” என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். நல்ல வாதம். எனவே, உண்மையில் இரகசியமாக இருந்த ஒரு வானூர்தியைப் பார்ப்போம். ராடாருக்குத் தப்பும் எஃப்-117 முதன்முதலாகப் பறந்தது 1981 ஜூன் 18. உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1988 நவம்பர் 10. இடையில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் நெவாடா பாலைவனத்தில் இரவில் மட்டுமே பறந்தது. அத்தனை காவலுக்கு நடுவிலும் தடயம் விழாமல் இல்லை. 1986 ஜூலை 11 அன்று கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகேயுள்ள மலைக்காட்டில் அது ஒன்று விழுந்தது. விமானி மேஜர் ரோஸ் முல்ஹேர் உயிரிழந்தார். காட்டில் தீப்பிடித்தது. ஆயுதம் ஏந்திய காவலர்கள் வழிமறித்தார்கள். எந்த வகை வானூர்தி என்று வான்படை சொல்ல மறுத்தது. ஆனால் ஏதோ விழுந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. உடைந்த பாகங்கள் பெல்கிரேடு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2008இல் அது முறைப்படி பணி ஓய்வு பெற்றது.

இரகசியம் மறைப்பது வானூர்தியின் பெயரையும் வடிவத்தையும்தான். எரிபொருள், உதிரிப்பாகம், ஓடுபாதை, பழுது பார்ப்போர், கைம்பெண்ணாகிய மனைவி ஆகியவற்றை எத்தனை ஆண்டுகள் மறைக்க முடியும்? டிஆர்-3பிக்கு முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பணி வரலாறு சொல்கிறார்கள். ஒருமுறைகூட அது பழுதாகவில்லை. ஒரு திருகாணியும் கழன்று விழவில்லை. ஒரு விமானிக்கும் காய்ச்சல் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இரகசிய வானூர்திகளே பறக்கும் தட்டுக் கதைகளுக்குத் தீனி போட்டவை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த பறக்கும் தட்டு அறிக்கைகளில் பாதிக்கு மேல் தங்கள் உளவு வானூர்திகளே என்று அமெரிக்க உளவு நிறுவனத்தின் 1997ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. அந்த விகிதம் மிகை என்று மறுப்போரும் உண்டு. எனக்கும் அது சற்று மிகையாகவே படுகிறது. எனினும் மிக உயரத்தில் பறந்த யு-2இன் இறக்கைகளில் மாலை வெயில் பட்டு மின்னியதைக் கண்டு மக்கள் திகைத்தார்கள் என்பது பொருந்தி வருகிறது. இவை அனைத்தையும் ஆராய்ந்த அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சின் அலுவலகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வரலாற்று அறிக்கை, வேற்றுலகத் தொழில்நுட்பம் எதுவும் அரசிடம் இருப்பதற்குச் சான்று காணவில்லை என்றது.

காப்புரிமை இருக்கிறதே என்பது அடுத்த வாதம். ஆம், இருக்கிறது. நிறை குறைக்கும் கருவியோடு கூடிய ஊர்தி ஒன்றுக்கு அமெரிக்கக் கடற்படையின் பொறியியலாளர் ஒருவரின் பெயரில் 2018இல் காப்புரிமை வழங்கப்பட்டது. காப்புரிமை என்பது எண்ணத்துக்கு வேலி. பயிர் விளைந்ததற்கு அத்தாட்சி அன்று. அவருடைய கோட்பாட்டைக் கடற்படையே மூன்றாண்டுகள், ஏறக்குறைய ஐந்து இலட்சம் டாலர் செலவில் சோதித்தது. அது மெய்ப்பிக்கப்படவில்லை.

தட்டு வடிவில் இராணுவம் ஒருபோதும் வானூர்தி செய்ததில்லையா? செய்தது! அதன் பெயர் அவ்ரோகார். கனடாவின் டொரண்டோ நகருக்கு அருகே மால்டன் என்னுமிடத்தில் அவ்ரோ கனடா நிறுவனம் அதனைக் கட்டியது. ஜான் ஃபிராஸ்ட் என்னும் பொறியியலாளர் அதன் தந்தை. கனடா அரசு கைவிட்டபின் அமெரிக்க வான்படையும் தரைப்படையும் செலவை ஏற்றன. வான்படைக்கு ஒலியின் வேகத்தைப் பன்மடங்கு விஞ்சும் தட்டு வேண்டும். தரைப்படைக்கோ மரங்களைத் தாண்டிச் செல்லும் பறக்கும் ஜீப் வேண்டும். 2012இல் வெளியிடப்பட்ட ஆவணங்களைப் பார்த்தால், அந்த அதிவேகத் தட்டு 100,000 அடி உயரம் ஏறும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

கட்டி முடித்த சோதனை ஊர்தியின் விட்டம் 5.5 மீட்டர். மூன்று தாரை இயந்திரங்கள் நடுவிலுள்ள 124 அலகுகள் கொண்ட சுழலியைச் சுற்றும். அது காற்றை உறிஞ்சி ஓரங்களின் வழி கீழே தள்ளும். அந்தக் காற்று மெத்தையில் தட்டு மிதக்கும். ஈர்ப்பை வெல்லும் மாயம் ஏதும் இல்லை. 1959 நவம்பர் 12 அன்று கட்டுக்கயிறு இல்லாமல் முதன்முதலாகப் பறந்தது. பறந்தது என்று சொல்லலாமா என்பதே கேள்வி. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டியதும், தரையில் சுழன்று விழும் தாம்பாளத்தைப் போல் இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியது. அதன் உச்ச வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர் அளவில் நின்றது. நம் பள்ளிப் பேருந்து அதனை முந்திவிடும். பல மாற்றங்கள் செய்தும் ஆட்டம் தீரவில்லை. 1961 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு கோடி டாலர் செலவு. கட்டிய இரண்டு ஊர்திகளும் அமெரிக்க அருங்காட்சியகங்களில் உள்ளன. ஒன்று ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரிலுள்ள வான்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் மனம் இந்த ஆடும் தட்டின் பக்கமே. முயன்றார்கள், தோற்றார்கள், தோற்றதை எழுதி வைத்தார்கள்.

அதே 1959இல் நம் பக்கத்தில் ஒரு சுற்றுக்காவல் வானூர்தியின் வரலாறு முடிவுக்கு வந்தது. சிங்கப்பூரின் சிலேத்தார் தளத்திலிருந்து 1959 மே 15 அன்று பிரிட்டிஷ் வான்படையின் சண்டர்லேண்டு பறக்கும் படகு கடைசிப் பணிப்பறப்பை மேற்கொண்டது. நான்கு இயந்திரம், பருத்த வயிறு, நீரில் இறங்கும் உடல். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடியது. மலாயா அவசரகாலத்தில் நம் காடுகளின் மேல் குண்டு வீசியது. பெருமைக்குரியதும் கசப்பானதும் அதன் பணிப்பதிவில் சேர்ந்தே கிடக்கின்றன.

சிலேத்தாரின் பதிவில் அதைவிட மனத்தை உலுக்கும் ஒரு வரி உண்டு. 1941 டிசம்பர் 6 அன்று, கோத்தா பாருவிலிருந்து சென்ற ஆஸ்திரேலிய ஹட்சன் வானூர்தி ஒன்று, ஜப்பானியக் கப்பல் அணியைக் கடலில் கண்டது. அவை எங்கே செல்கின்றன என்று அறிய வேண்டும். சிலேத்தாரிலிருந்து 205ஆம் படைப்பிரிவின் கட்டலினா பறக்கும் படகுகள் தேடச் சென்றன. மெதுவான வானூர்தி அது. நெடுநேரம் கடலைச் சுற்றி வரும், அவ்வளவே. டிசம்பர் 7 காலை அவற்றுள் ஒன்றைத் தாய்லாந்து வளைகுடாவின் மேல் ஜப்பானியப் போர் வானூர்திகள் சுட்டு வீழ்த்தின. கண்டதைத் தளத்துக்குச் சொல்ல அதற்கு வாய்ப்புக் கிட்டவில்லை. அதில் இருந்த எட்டுப் பேரும் மாண்டனர். பேர்ல் துறைமுகத் தாக்குதல் இன்னும் நடக்கவில்லை. கோத்தா பாருவின் கடற்கரையில் ஜப்பானியர் இறங்கியது அடுத்த நள்ளிரவுக்குப் பின். பசிபிக் போரின் முதல் நேசப்படைப் பலி அந்த எட்டுப் பேர்தாம்.

நம் பிள்ளைகளின் தாத்தா பாட்டியரின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட போர் அது. சயாம் இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் வண்டி வண்டியாகக் கொண்டு செல்லப்பட்டது அப்போரில்தான். அப்போரின் முதல் பக்கத்தில் ஒரு சுற்றுக்காவல் வானூர்தி இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெல்ஜியத்தின் மேல் பறக்காத முக்கோணத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய மாணவருக்குத் தெரியாது. அவர் தந்தையாருக்கும் தெரியாது.

பெற்றோர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதனை எழுதினால் சிலர் வருந்தக்கூடும் என்றும் அறிவேன். டிஆர்-3பிச் செய்தியோடு ‘நம் முன்னோர் பாதரசத்தால் விமானம் ஓட்டினர், அமெரிக்கர் அதனைத் திருடினர்’ என்னும் வால் ஒன்றையும் ஒட்டி அனுப்புகிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் போஜ மன்னர் பெயரால் வழங்கும் சிற்பநூல் ஒன்றில் பாதரசத்தைச் சூடாக்கி இயக்கும் மரப்பறவை பேசப்படுவது உண்மைதான். ‘வைமானிக சாத்திரம்’ என்று காட்டப்படும் நூலோ 1918க்கும் 1923க்கும் இடையே சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்லச்சொல்ல எழுதப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐவர் 1974இல் அதனை ஆராய்ந்தனர். நூல் பழமையானதன்று, அதில் சொல்லிய விமானங்கள் பறக்க இயலாதவை என்று எழுதினர். இந்திய அறிஞர்களே ஆராய்ந்து சொன்ன முடிவு இது. கல்லணையும் தஞ்சைப் பெரிய கோயிலும் கண்ணெதிரே நிற்கும் இனத்துக்கு இல்லாத விமானம் எதற்கு?

மாணவர் கட்டுரைக்கு நான் இட்ட மதிப்பெண்ணைக் கேட்பீர்கள். மொழிக்கு முழுமையாகக் கொடுத்தேன். கருத்துப் பகுதியில் மதிப்பெண்ணை நிறுத்தி வைத்து, ஐந்து கேள்விகளை எழுதித் திருப்பிக் கொடுத்தேன். இதனை ஓட்டிய ஒருவரின் பெயர் என்ன? எந்தத் தளத்திலிருந்து புறப்பட்டது? ஒருமுறையாவது பழுதானதா? எவ்வளவு செலவானது? இப்போது எங்கே இருக்கிறது? இக்கேள்விகளை டிஆர்-3பிக்கும் அவ்ரோகாருக்கும் கட்டலினாவுக்கும் கேட்டு விடை தேடி வரச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்தார். முதற்பக்கத்தில் ஐந்து கோடுகள் வெறுமையாக இருந்தன. கட்டலினாவைப் பற்றித் தந்தையும் மகனுமாகச் சேர்ந்து இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். தந்தையார் கையெழுத்து எனக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. கண்டும் காணாமல் இருந்துவிட்டேன்.

2014 முதல் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாக வந்துவிட்டதால், இப்பயிற்சியை அப்பாடத்தோடு சேர்த்தும் நடத்தலாம். ஐந்து கேள்விகளும் மூன்று வானூர்திகளும் கொண்ட பயிற்சித்தாளை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். முக்கோணத் துளைச் சோதனைக்கான செய்முறையும் அதன் பின்புறத்தில் உண்டு. வேண்டும் ஆசிரியர்கள் மின்னஞ்சல் அனுப்பினால் அனுப்பி வைக்கிறேன். படிகளெடுத்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், பிழை கண்டால் தெரிவியுங்கள்.